பின்னால் கட்டியிருந்த கைகள்

அன்று அந்த அக்கா என் பிள்ளையைத் தொட்டிலிலிருந்து எடுத்துக்கொண்டு நடந்தது எனக்காகவா, தனக்காகவா? நாலு வருடமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சோறு வடிக்கும்போது ஒரு பதில் வரும். பாத்திரம் கழுவும்போது அது மாறிவிடும்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. எங்கள் ஊரில் அவருக்கு வேறொரு பெயர் வைத்துவிட்டார்கள். அதற்கு நானும் காரணம். அதனால் அக்கா என்றே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கோவில்பட்டிக்கும் பசுவந்தனைக்கும் நடுவில் இருக்கிறது. எங்களுடையது கடைசி வீடு. புறவாசல் கதவைத் திறந்தால் எங்கள் புஞ்சை. பருத்தி எடுத்து முடிந்து, பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் கரிசல் வெடித்துச் சும்மா கிடக்கும். அப்போது கிடைக்காரர்கள் செம்மறிகளைக் கொண்டுவந்து அடைப்பார்கள். பகலெல்லாம் மேய்ச்சல், பொழுது சாய்ந்தால் வலைக்குள். ஆட்டுப் புழுக்கைதான் அடுத்த வெள்ளாமைக்கு உரம். அந்த வருடம் அக்காவும் அவர் வீட்டுக்காரரும் வந்து எங்கள் புஞ்சையில், உடைமரத்தடியில் குடிசை போட்டார்கள். எனக்கு அப்போது நாலு மாதம். மணியாச்சியில் ரயில்வே வேலை பார்க்கும் என் கணவர் வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். அத்தையும் நானும்தான்.

அக்காவிடம் முதலில் நான் கவனித்தது அவர் கைகளை. சரியாகச் சொன்னால், கைகள் கண்ணில் படாததை. எப்போதும் பின்னால் கட்டியிருப்பார், பள்ளிக்கூட வராந்தாவில் நடக்கும் தலைமையாசிரியர் மாதிரி. வயது முப்பத்தைந்து இருக்கும். நல்ல உயரம். தோளில் ஆம்பிளைத் துண்டு. வறுத்த புளியங்கொட்டையை மடியில் வைத்துக்கொண்டு கடக் கடக் என்று கடிப்பார். தண்ணீர் எடுக்க வந்தால்கூட, அத்தை குடத்தைத் தூக்கிவிடும் வரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டே வாசலுக்கு வெளியே நிற்பார். வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததில்லை. "உள்ள வாங்கக்கா" என்றால், "எம்மேல ஆட்டு நாத்தம் தாயி, வீடு பூரா ஏறிக்கிடும்" என்பார்.

ஒரு நாள் சாயங்காலம் புறவாசலில் நின்றபோது ஓர் ஆடு குட்டி போடுவதைப் பார்த்தேன். முன்னங்கால் இரண்டும் மூக்கும் வெளியே தெரிந்தன. அது அப்படியே நிற்கிறது. ஆடு முக்குகிறது, படுக்கிறது, எழுந்திருக்கிறது. அக்கா பத்தடி தள்ளிக் கைகட்டி நிற்கிறார்.

"அக்கா, இழுத்து விடுங்களேன். செத்துறப் போகுது!"

"அவ பாத்துக்கிடுவா."

"எப்பத்தான் தொடுவீங்க?"

"அவளால முடியலன்னு அவ சொல்லட்டும், தொடுதேன்."

குட்டி விழுந்தது. அதன் மேலெல்லாம் ஈரம். அப்போதும் அவர் போகவில்லை. நான் ஓடிப்போய்த் துடைக்கப் பார்த்தேன். "தொடாத! உன் வாசம் ஏறிட்டுன்னா, பெறவு இது எவ பிள்ளன்னு தள்ளிருவா" என்று அதட்டினார். ஆடு நக்க ஆரம்பித்தது. மூக்கை நக்கியது, வாயை நக்கியது, பின்பக்கத்தை நக்கியது. நக்க நக்கக் குட்டி எழுந்து நின்றது.

நான் கல்லூரியில் விலங்கியல் படித்தவள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாலைந்து பேருக்கு வீட்டில் அறிவியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். மோப்பத்தால் தாய் குட்டியை அடையாளம் காண்பதைப் பற்றி நானும் படித்திருக்கிறேன் என்று அவரிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"அப்படியா? ஆட்டப் பத்தியா படிச்ச?"

"ஆடு இல்லக்கா. தவளை, எலி, கரப்பான். அறுத்துப் பாத்தோம்."

"அறுத்தா படிச்சீங்க? உசுரோட இருக்கையில பாக்கலையா?"

அத்தை கேட்டுச் சிரித்துவிட்டார். எனக்கு முகம் சுருங்கிப்போனது. அன்று ராத்திரி சாப்பிடாமல் படுத்தேன் என்று அத்தை பிற்பாடு கணவரிடம் சொன்னாராம். நான் அப்படித்தான், சின்னதுக்கெல்லாம் மனதைப் போட்டு உழப்புவேன்.

இன்னொரு நாள் அடுப்புக்குக் கல் புரட்டும்போது ஒரு தேள், முதுகு கொள்ளாமல் வெள்ளை வெள்ளையாகக் குஞ்சுகளைச் சுமந்துகொண்டு வந்தது. நான் பதறிப் பின்னால் போனேன். அக்கா கல்லைப் பையத் திரும்ப வைத்துவிட்டு வேறு கல் தேடப் போனார். "பிள்ளக்காரி, போட்டும்."

"அது பாலூட்டி இல்லக்கா. முதுகெலும்பே கிடையாது."

"எலும்பே இல்லாமலா இம்புட்டையும் முதுகுல சுமக்கு?" என்றார். பிறகு என் வயிற்றைப் பார்த்து, "அப்ப எலும்பு உள்ளவ எம்புட்டுச் சுமக்கணும்!" என்று சிரித்தார். அது அவர் என்னிடம் செய்த கேலி. அதை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வரவில்லை.

அத்தைக்கு அவரோடு நான் பேசுவது பிடிக்காது. "ஏட்டி, அவகிட்ட என்ன பேச்சு? மூணு பெத்தா, மூணையும் மண்ணுக்குக் குடுத்தா. வயித்துப்பிள்ளக்காரி அங்கன போய் நிக்காத." ஆனால் மோர் கடைந்த அன்று முதல் செம்பு அக்காவுக்குத்தான் போகும். அதையும் அத்தைதான் கொடுப்பார். தன் பிள்ளைகளைப் பற்றி அக்கா என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரே ஒரு தடவை, ஆஸ்பத்திரியில் கொடுத்த என் அட்டையைப் பின்னால் கட்டிய கையை எடுத்து வாங்கிப் பார்த்தார். தலைகீழாகப் பிடித்திருந்தார். "இதுல பிள்ள பேரு எங்கன எழுதுவாவ?" என்று கேட்டார். இடத்தைக் காட்டினேன். அந்த வெற்றுக் கோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

ஆள்காட்டிக் குருவியைக் காட்டியதும் அவர்தான். புஞ்சையில் வெறும் தரையில், கல்லோடு கல்லாக முட்டையிட்டிருந்தது. நாங்கள் நெருங்கியதும் தாய்க்குருவி ஒரு சிறகை ஒடிந்ததுபோல் தரையில் இழுத்துக்கொண்டு கத்திக்கொண்டே வேறு பக்கம் ஓடியது. நான் ஐயோ என்றேன். "ஒண்ணும் ஆகல. நடிக்குது. என்னப் பிடி, எம்பிள்ளய விட்டுருன்னு நடிக்குது. யாராச்சும் கல்லெடுத்து எறிஞ்சா அதையும் வாங்கிக்கிடும்" என்றார் அக்கா. அப்போது இதில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

வைகாசியில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தலையீற்று ஆடு ஒன்று குட்டி போட்ட சமயத்தில் நரி வந்துவிட்டது. ஆடுகள் மிரண்டு வலையை அறுத்து ஓடின. குட்டியை எடுத்துத் தனியாக வைக்கவேண்டியதாயிற்று. விடிந்து தாயிடம் விட்டால் அது உதைக்கிறது. முட்டித் தள்ளுகிறது. அக்கா குட்டியின் மேல் உப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார். தாயைக் கட்டிப்போட்டுக் குடிக்க விட்டுப் பார்த்தார். மூன்று நாள் ஆயிற்று. குட்டி வயிறு ஒட்டிக் கத்தவும் தெம்பில்லாமல் கிடந்தது.

மூன்றாம் நாள் அக்கா எங்கள் வீட்டுக் கருவாட்டுத் துண்டு ஒன்றை அத்தைக்குத் தெரியாமல் என்னிடம் கேட்டு வாங்கினார். கிடை நாயைக் கண்டு ஆடுகள் பயப்படாது. பழகிவிட்டது. அதனால் தெருநாய் ஒன்றைக் கருவாட்டைக் காட்டிக் கூட்டிவந்தார். தாயையும் குட்டியையும் ஒரு மூலையில் விட்டு, கருவாட்டைக் குட்டியின் பக்கத்தில் எறிந்தார். நாய் பாய்ந்தது.

அந்த ஆடு முன்னங்காலால் தரையைத் தட்டியது. ஒரு தடவை, இரண்டு தடவை. அப்புறம் தலையைத் தாழ்த்திக்கொண்டு போய் நாயின் விலாவில் இடித்த இடி எனக்குக் கேட்டது. நாய் உருண்டு, கத்திக்கொண்டு நொண்டி ஓடியது. ஆடு திரும்பி வந்து குட்டியைக் காலுக்கு நடுவில் விட்டுக்கொண்டு நின்றது. மோந்தது. நக்கியது. குட்டி மடியைத் தேடி முட்டியது. அது உதைக்கவில்லை.

"உள்ளதான் இருந்துச்சு. வெளிய வர ஒரு எதிரி வேண்டியிருந்துச்சு" என்றார் அக்கா. அப்புறம் கருவாட்டை எடுத்துக்கொண்டு அந்த நாயைத் தேடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்தார். "பாவம், அடி அதுக்குத்தானே."

ஆனிக் கடைசியில், ஏழரை மாதத்தில் எனக்கு வலி வந்துவிட்டது. கோவில்பட்டியில் ஆஸ்பத்திரி. பெண். பிறந்ததும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். வேறு வழியில்லை, அதனால்தான் பிழைத்தாள். இருபது நாள் நான் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். குழாய்கள், பஞ்சு, ஒரு குரங்குக்குட்டி முகம். இருபத்தோராம் நாள் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தபோது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. இதை எழுத நாலு வருடம் ஆகியிருக்கிறது. யாரோ கடைக்குப் போகிறவள் கொஞ்சம் வைத்திரு என்று கொடுத்த மாதிரி இருந்தது.

வீட்டுக்கு வந்தும் அப்படியேதான். பிள்ளை வாயை வைக்கும், வழுக்கும், அழும். பால் இல்லை. அத்தை சங்கில் பவுடர் பால் புகட்டினார். அதில் பாதியைக் கக்கினாள். எடை ஏறவில்லை. "பெத்தவ மனசு வச்சாத்தான் சுரக்கும்" என்று பார்க்க வந்தவர்கள் என் காதுபடவே சொன்னார்கள். நான் பிள்ளைகளுக்கு எழுதிக்கொடுத்த நோட்டு அலமாரியில் இருந்தது. பாலூட்டிகளின் பொதுப் பண்புகள்: உடலில் ரோமம் உண்டு. வெளிக்காது மடல் உண்டு. நான்கு அறை இதயம் உண்டு. பால் சுரப்பிகள் உண்டு. எல்லாம் உண்டு என்று என் உடம்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். எதில் நான் பிசகினேன் என்று தெரியவில்லை. அவள் அழும்போது பக்கத்து அறைக்குப் போய்க் காதைப் பொத்திக்கொண்டு உட்கார ஆரம்பித்தேன்.

அக்கா தினம் புறவாசலில் வந்து நிற்பார். ஒரே கேள்விதான். "குடிச்சாளா?"

"இல்லக்கா."

போய்விடுவார். ஒரு நாள் அவர் திரும்புவதற்குள், "அக்கா, நான் அந்த உதைக்கிற ஆடு. என்னால முடியலக்கா" என்றேன். புளியங்கொட்டையைக் கடிப்பதை நிறுத்தினார். அவ்வளவுதான்.

அடுத்த நாள் நல்ல வெயில். ஆடிக் காற்று புழுதியை வாரி அடித்துக்கொண்டிருந்தது. அத்தை ரேஷன் கடைக்குப் போயிருந்தார். நான் தொட்டிலுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். புறவாசல் வழியாக அக்கா உள்ளே வந்தார். வீட்டுக்குள் வந்தது அதுதான் முதல் தடவை. நேராகத் தொட்டிலுக்குப் போய்ப் பிள்ளையை எடுத்தார்.

"இவ உனக்கு வேண்டாம்லா? நான் கொண்டுட்டுப் போறேன். ஆட்டுப்பாலு குடுத்து நான் வளத்துக்கிடுதேன்."

சொல்லிவிட்டு நடந்தார்.

நான் எழுந்திருக்கவில்லை. முதலில் எனக்குத் தோன்றியது, நல்லதுதான் என்று. அவரிடம் இருந்தால் பிழைத்துக்கொள்வாள் என்று. இதையும் எழுதிவிட்டேன். பிள்ளையின் அழுகை அறையைத் தாண்டியது. புறவாசலைத் தாண்டியது. காற்றில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஒரு இடத்தில் அது கேட்கவில்லை.

எப்படி எழுந்தேன் என்று தெரியாது. செருப்பில்லாமல் புஞ்சையில் ஓடுகிறேன். பருத்திக் கட்டைகள் காலைக் கிழிக்கின்றன. அக்கா உடைமரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறார். "ஏய், விடு! எம் பிள்ளைய விடு!" என்று நான் கத்திய குரல் எனக்கே புதிது. முந்தானையைப் பிடித்து இழுத்தேன். முகத்தில் அறைந்தேன். இன்னொரு தடவை அறைந்தேன். உதட்டில் ரத்தம் வந்தது. அவர் திருப்பி அடிக்கவில்லை. ஆனால் பிள்ளையை விடவும் இல்லை. அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுத்தேன். கடைசி விரலை விரித்தபோது என் ரவிக்கை நனைந்திருந்தது.

அந்தக் கொதிக்கும் மண்ணிலேயே உட்கார்ந்து கொடுத்தேன். அவள் பிடித்துக்கொண்டாள். மடக் மடக் என்று விழுங்கும் சத்தம் கேட்டது. அக்கா எதிரில் நின்றார். கைகள் பின்னால் இல்லை. முன்னால், வெறுமனே தொங்கிக்கொண்டிருந்தன.

"குடிக்காளா?" என்றார்.

"போயிரு! என் கண்ணு முன்னால நிக்காத!" என்றேன்.

பக்கத்துக் கிணற்றுத் தோட்டத்தில் மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த இரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கப் பேச்சு. பிள்ளை பிடிக்க வந்தவள் என்று ஆகிவிட்டது. மறுநாள் சாயங்காலம் சாவடியில் ஊர் கூடியது. அக்காவும் வீட்டுக்காரரும் ஓரமாக நின்றார்கள். எங்கள் ஊர்ப் பெரியவர் என்னைக் கேட்டார்.

"இந்தப் பொம்பள பிள்ளயத் தூக்கிட்டுப் போனாளா தாயி?"

"ஆமா."

"உன்கிட்டச் சொல்லிட்டா தூக்குனா?"

சொல்லிவிட்டுத்தான் தூக்கினார். நான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதைச் சொன்னால், ஏன் உட்கார்ந்திருந்தாய் என்று அடுத்து கேட்பார்கள். அத்தை பக்கத்தில் நிற்கிறார். கணவர் வேலையிலிருந்து நேராக வந்து நிற்கிறார். எனக்கு என் பிள்ளை வேண்டாம் என்று இருந்தது என்று எந்த வாயால் சொல்ல?

"சொல்லல" என்றேன். "நான் கண்ணசந்த நேரத்துல அவ எடுத்துட்டுப் போயிட்டா."

அவ என்றுதான் சொன்னேன். அக்கா என்று சொல்லவில்லை.

அவர் மறுத்துப் பேசவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார். வீட்டுக்காரர்தான் அழுதார். "அண்ணாச்சி, இந்த ஒரு தடவ மன்னிச்சுக்கிடுங்க. இந்தச் சுத்துல கிடை போட விடாட்டா, இத்தன ஆட்டு உருப்படியோட நாங்க எங்கன போவோம்?" ஒருவரும் கேட்கவில்லை. மறுநாள் காலையிலேயே கிடையைக் கிளப்ப வேண்டும், இனி இந்தப் பக்கத்தில் எந்த ஊரும் அவர்களுக்குப் புஞ்சை கொடுக்கக் கூடாது என்று முடிவாயிற்று. கலைந்து போகும்போது அக்கா என்னைத் தாண்டினார். நிற்கவில்லை. தாண்டுகிற அந்த நேரத்தில், "ரெண்டு பக்கமும் மாத்தி மாத்திக் குடு. ஒரு பக்கம் கட்டிக்கிடும்" என்றார்.

இப்போது நான் பாத்திரம் கழுவும்போது வைத்துக்கொண்டு எண்ணுவதை எல்லாம் சொல்லிவிடுகிறேன். ஆட்டு மந்தைக்கு முன்னால் போகிற நடை அவருடையது. நினைத்திருந்தால் நான் வாசலுக்கு வருவதற்குள் ரோட்டில் போய் பஸ் ஏறியிருக்கலாம். அவர் பையத்தான் நடந்தார். ஓடும்போது பார்த்தேன், நான் கத்துமுன்பே இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். அப்படியென்றால் அவர் தானே அந்தத் தெருநாயாக வந்தார். அடியை வாங்கிக்கொள்ளத் தயாராக வந்தார். நான் ஒரு துண்டுக் கருவாடுகூடக் கொடுக்கவில்லை.

ஆனால் கிடை போனபின் அத்தையும் நானும் உடைமரத்தடிக்குப் போனோம். தாழ்ந்த கிளையில் ஒரு பழைய சேலையில் தொட்டில் கட்டியிருந்தது. புதுசாகத் துவைத்த சேலை. முடிச்சு கெட்டியாகப் போட்டிருந்தது. அத்தை, "பாத்தியா, எல்லாம் ஏற்பாடா வச்சிருந்திருக்கா" என்றார். நாய் வேஷம் போட வருகிறவளுக்குத் தொட்டில் எதற்கு? நான் வராமலே போயிருந்தால் பிள்ளையைப் போட ஓர் இடம் வேண்டும் என்று கட்டினாரோ? நான் வர மாட்டேன் என்று நினைத்துக் கட்டினாரோ? வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டு கட்டினாரோ?

அப்புறம் அந்த விரல்கள். நான் வந்துவிட்டேன், அடித்துவிட்டேன், ரத்தமே வந்துவிட்டது. வேஷம் என்றால் அப்போதே விட்டிருக்கலாமே. ஏன் பிடித்துக்கொண்டிருந்தார்? இந்த விரல் விஷயம் இதுவரை எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும்.

என் மகளுக்கு இப்போது நாலு வயது. பள்ளிக்கூடம் போகிறாள். எனக்கு மறுபடி ஏழாம் மாதம். டாக்டரம்மா நடமாட்டத்தைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். இந்தப் பிள்ளையும் முன்னாலேயே வந்துவிடுமோ, கையில் கொடுக்கும்போது எனக்கு மறுபடி ஒன்றும் தோன்றாமல் போய்விடுமோ என்று பகலெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். போன வாரம் கணவர் தற்செயலாகச் சொன்னார், எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கம் ஒரு புஞ்சையில் அந்தக் கிடையைப் பார்த்ததாக. ஆடுகள் நாற்பதோ ஐம்பதோதான் இருக்கிறதாம். "அந்தப் பொம்பள அங்கன கையக் கட்டிக்கிட்டு நிக்கா" என்றார். நான் சாவடியில் பொய் சொன்னது அவருக்கும் தெரியாது, அத்தைக்கும் தெரியாது.

இதைப் படிக்கிற அம்மாமார்களிடம், அக்காமார்களிடம் கேட்கிறேன். நான் அங்கே போகலாமா? போனால் தனியாகவா, மகளைக் கூட்டிக்கொண்டா? எனக்காகத்தான் செய்தார் என்றால் அவளைக் காட்டாமல் வருவது பாவம். அவருக்காகத்தான் செய்தார் என்றால் அவளைக் கொண்டுபோய்க் காட்டுவது அதைவிடப் பாவம். சாவடியில் சொன்னதை முதலில் வீட்டில் மாற்றிச் சொல்லிவிட்டுப் போக வேண்டுமா, அவரிடம் சொல்லிவிட்டு வந்து வீட்டில் சொல்லலாமா? பிள்ளை பிறக்குமுன் தெரிந்தால் நல்லது. மழை விழுந்துவிட்டால் கிடையைக் கிளப்பிவிடுவார்கள், அதற்கப்புறம் எந்தப் பக்கம் போய்த் தேடுவேன்? நீங்கள் என் இடத்தில் இருந்தால் அந்தக் கிடைக்கு முன்னால் போய் நின்று முதல் வார்த்தையாக என்ன சொல்வீர்கள்? அதை மட்டுமாவது எழுதுங்கள்.